கத்திக்குச் சட்டை தைத்த கதை

வேலியே பயிரை மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். உறையே கத்தியைக் கெடுத்த கதை தெரியுமா? சென்ற விடுமுறையில் அது எங்கள் வீட்டில் நடந்தது. கெடுத்தது நான்தான்!

என் தாத்தா தச்சர். அவரிடம் ஒரு சிறிய கத்தி உண்டு. அலகு பழைய எஃகு. பிடி ஈட்டி மரம். பிடிக்கு அவரே அரக்கு கரைத்து பிரெஞ்சு பாலிஷ் போட்டு வைத்திருந்தார். வெயிலில் காட்டினால் தேன் மாதிரி மின்னும். அதற்கு உறை மட்டும் கிடையாது, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பார். "தாத்தா, நான் தோலில் உறை செய்து தருகிறேன்" என்று வீரவசனம் பேசிவிட்டு, பட்டையில் பதனிட்ட தோல் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். தோலை நீரில் ஊறவைத்து, கத்தியைச் சுற்றி இறுக்கி, சணலால் கட்டி, அப்படியே ஓர் இரவு விட்டுவிட்டேன். ஈரத்தோல் காயும்போது கத்தியின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்த அரைகுறை அறிவு.

காலையில் பிரித்தால், அலகு முழுக்க கருநீலக் கறை. தேன் நிறப் பிடியில் பால் ஊற்றியது போல வெள்ளைப் படலம். பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. தாத்தா திட்டவில்லை. "சட்டை தைக்கிறேன்னு சொல்லி அதோட தோலையே உரிச்சிட்டியேடா" என்று மட்டும் சொன்னார். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கத்திக்கு உறை செய்கிறான். கத்தியைக் கெடுக்காமல் எப்படிச் செய்தான்? பிளாஸ்டிக் தாளும் டேப்பும் இல்லாத காலத்தில் பிடியின் மெருகை எப்படிக் காப்பாற்றினான்? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலகில் இருந்தது மை!

முதலில் குற்றவாளிகளைப் பார்ப்போம். தோலைப் பதனிட மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றில் உள்ள டானின் என்ற பொருள் பயன்படுகிறது. ஐரோப்பாவில் ஓக் பட்டை, நம் ஊரில் ஆவாரம் பட்டை, கடுக்காய். இப்படிப் பதனிட்ட தோலை மட்டும்தான் நீரில் நனைத்து நன்றாக வடிவம் பிடிக்க முடியும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் காய்ந்ததும் பழையபடி தொளதொளத்துவிடும். ஆகவே உறைக்குப் பட்டைத் தோல்தான் வேண்டும். அதில் டானின் நிறைய இருக்கும். அங்கேதான் சிக்கல்.

ஈரத்தில் டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீல நிறப் பொருள் உண்டாகும். அது வேறொன்றுமில்லை, மை! நம் பெரியவர்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். ஐரோப்பாவில் ஓக் மரத்து மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இதே மையில்தான் எழுதினார்கள். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ட்டிகஸ் பைபிள் சுவடி இந்த வகை மையால் எழுதப்பட்டது. 1600 வருடங்கள் அழியாத மையை நான் தாத்தாவின் கத்தியில் ஒரே இரவில் தயாரித்திருக்கிறேன்.

பித்தளையில் வந்த பச்சை, களிம்பு. செப்புப் பாத்திரத்தில் புளி பட்டால் வருவதன் உறவுக்காரர். பிடியில் வந்த வெள்ளைப் படலம், அரக்கு மெருகுக்குள் நீர் புகுந்ததால் வந்தது. அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். இந்தியாவின் காடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போன பொருள். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மேசை நாற்காலிகள் பளபளத்ததும் இதனால்தான். ஆனால் அதற்கு மூன்று எதிரிகள்: நீர், சூடு, சாராயம். நீர் பட்டால் வெளுக்கும், சூடு பட்டால் இளகும், சாராயம் பட்டால் கரையும். தோலுக்குப் போடும் சாயங்களில் பல சாராயத்தில் கரைத்தவை. நல்ல வேளை, நான் சாயம் போடும் கட்டத்துக்குப் போகவில்லை!

உறை கத்தியை எங்கே பிடிக்கிறது?

உறையின் வேலை இரண்டு. ஒன்று, கூர்மை நம்மைக் கிழிக்காமல் பார்ப்பது. இன்னொன்று, கத்தி கீழே விழாமல் பிடித்துக்கொள்வது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. உறை கத்தியை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிடிக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பது தீர்மானமாகிறது.

மிகப் பழைய சாட்சி பனிமனிதன் ஏட்சி. 1991 செப்டம்பர் 19 அன்று ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5300 வருடங்களுக்கு முன் வாழ்ந்த மனிதன். அவனிடம் சிக்கிமுக்கிக் கல் அலகும் ஆஷ் மரப் பிடியும் கொண்ட சிறிய குத்துவாள் இருந்தது. அதற்கு உறையும் இருந்தது! லிண்டன் மரத்தின் உள்பட்டை நாரால் பின்னியது. பின்னிய உறை என்பதால் கத்தியின் மேல் ஈரமாக எதையும் அச்சுப் பிடிக்க வேண்டியதில்லை. அலகும் கல். துருப் பிடிக்காது, மையும் ஆகாது. ஏட்சிக்கு என் கவலை இருந்திருக்காது.

ஜப்பானியர்கள் வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய வாள் உறை மரத்தால் ஆனது. ஹோனோகி என்ற மக்னோலியா வகை மரம். மென்மையானது, எஃகை உறுத்தாதது. மரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். ஏன் சோற்றுப் பசை? என்றாவது உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால் உறையைத் திரும்பப் பிளந்து சுத்தம் செய்ய வேண்டுமே, அதற்குத்தான். வலுவான பசை போட்டால் பிளக்க வராது. அலகின் அடியில் ஹபாக்கி என்ற சின்ன உலோகக் கழுத்துப் பட்டை இருக்கும். உறையின் வாய் அதை மட்டும்தான் இறுக்கிப் பிடிக்கும். அலகு உள்ளே கிட்டத்தட்ட மிதக்கும். பிடி முழுக்க வெளியே. ஆகவே பிடியின் மெருகுக்கு உறையால் ஆபத்தே இல்லை. 1876-இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் தரிக்கத் தடை போட்ட பிறகும் இந்தக் கலை அழியவில்லை.

நடுக்கால ஐரோப்பாவில் கதை வேறு. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து தொல்லியலாளர்கள் நூற்றுக்கணக்கில் கத்திகளையும் தோல் உறைகளையும் எடுத்திருக்கிறார்கள். ஈரச் சேற்றில் காற்று புகாததால் தோல் மக்காமல் தப்பியது. அந்த உறைகளில் பல, அலகோடு பிடியின் ஒரு பகுதியையும் சேர்த்து மூடுபவை. பின்பக்கம் ஒரே தையல். முன்பக்கம் பூவேலை. அந்தப் பூவேலையே பல உறைகளில் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்று இரண்டு கட்டமாக இருக்கும். மேல்கட்டம் பிடிக்கு, கீழ்கட்டம் அலகுக்கு. கத்தி தொலைந்து உறை மட்டும் கிடைத்தால்கூட உள்ளே இருந்த கத்தியின் பிடி எவ்வளவு நீளம் என்று ஊகிக்கலாம்.

இன்னொரு சுவாரசியம். அந்தக் கால லண்டனில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்யவில்லை. அலகு அடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர், உறை தைப்பவர் ஒருவர். இவற்றைச் சேர்த்து விற்பவர் கட்லர். 1416-இல் மன்னர் ஐந்தாம் ஹென்றி கட்லர்கள் சங்கத்துக்கு அரச சாசனம் கொடுத்தார். படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: உறைக்காரர் ஈரத்தோலால் பிடிக்காரரின் வேலையைக் கெடுத்தால் பஞ்சாயத்து எப்படி நடந்திருக்கும்? எங்கள் வீட்டில் நடந்ததைவிடக் கடுமையாகத்தான் இருந்திருக்கும்.

பின்லாந்துக்காரனின் மரக்கட்டை

பிடியை இறுக்கிப் பிடிக்கும் உறை என்றால் இன்றும் முதலிடம் பின்லாந்தின் பூக்கோ கத்திக்குத்தான். பூக்கோ சின்னக் கத்தி. மரம் செதுக்க, மீன் அறுக்க, ரொட்டி வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். பின்லாந்தில் மரியாதைக்குரியவருக்குப் பூக்கோ பரிசளிப்பது ஒரு கௌரவம். கௌஹவா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே ஈசக்கி யார்வென்பா 1879-இல் தொடங்கிய கத்தித் தொழில் புகழ்பெற்றது. 1961-இல் தாப்பியோ விர்க்காலா என்ற பெரிய வடிவமைப்பாளரே ஒரு பூக்கோ வடிவமைத்தார்.

பூக்கோவின் பிடியில் விரலைத் தடுக்கும் பெரிய காப்பு கிடையாது. வழவழவென்று நீளும் பிடி பாதிக்கு மேல் உறைக்குள் இறங்கிவிடும். பொத்தானோ வாரோ இல்லாமல் தோல் உராய்வே கத்தியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தோல் அந்தப் பிடிக்கென்றே அச்சுப் பிடித்ததாக இருக்க வேண்டும். என் கத்திக்கு வந்த அத்தனை ஆபத்தும் இங்கே உண்டு.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஆபத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அலகுக்கு மட்டும் தனியாக ஒரு மரக்கூடு குடைந்தார்கள். அதன் பெயர் லெஸ்தா. அலகு மரக்கூட்டுக்குள் போய்விடும். அதற்கு மேலேதான் ஈரத்தோல். அலகு தோலைத் தொடுவதே இல்லை. மையும் இல்லை, கூர்முனை தோலைக் கிழிப்பதும் இல்லை. மீதி இருப்பது பிடி. தோலை ஊறவைத்து, லெஸ்தாவையும் பிடியையும் சுற்றி இழுத்து, பின்பக்கம் தைத்து, வழுவழுப்பான எலும்பாலோ மரத்தாலோ அழுத்தி அழுத்திப் பிடியின் வளைவுகளைத் தோலில் கொண்டுவருவார்கள். நான் பிரமித்த இடம் இது.

பிடிக்கு அவர்கள் தேர்ந்த பொருட்களைப் பாருங்கள். ஒன்று, சுருள் ரேகை உள்ள பிர்ச் மரம், எண்ணெய் மெருகோடு. இன்னொன்று, பிர்ச் பட்டையை வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கி இறுக்கிய பிடி. பிர்ச் பட்டை இயற்கையிலேயே நீரை உறிஞ்சாது. கூரை வேயவும் கூடை முடையவும் வடநாட்டு மக்கள் அதைப் பயன்படுத்தியதே அதனால்தான். ஆளி விதை எண்ணெய் மெருகோ, மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் ஊறிவிடும். கறை பட்டால் லேசாகத் தேய்த்து மறுபடி எண்ணெய் போட்டால் தீர்ந்தது. கண்ணாடி போன்ற பளபளப்பை அவர்கள் தேடவில்லை. மெருகைப் பொத்திப் பொத்திக் காப்பதைவிட, திரும்பப் போடக்கூடிய மெருகைத் தேர்ந்தெடுத்தார்கள். பிளாஸ்டிக் தாள் இல்லாத காலத்துக்கு இதுதான் விடை என்பது என் புரிதல்.

இன்று உறை தைப்பவர்கள் பிடியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பாத்திரம் கழுவிய மாணவன், திட்டு வாங்கிய பெயிண்டர்

1933. அமெரிக்காவின் டவ் வேதியியல் நிறுவனம். ரால்ஃப் வைலி என்ற கல்லூரி மாணவர் அங்கே ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் வேலையில் இருந்தார். ஒரு குப்பியின் அடியில் ஒட்டியிருந்த பொருள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தப் பிடிவாதப் பொருள்தான் பின்னாளில் சரான் ஆனது. நீர், காற்று, அமிலம் எதையும் எளிதில் உள்ளே விடாது. இரண்டாம் உலகப்போரில் கப்பலில் போகும் ராணுவத் தளவாடங்களை உப்புக் காற்றிலிருந்து காக்க உதவியது. 1953-இல் சமையலறைக்கு உணவு சுற்றும் தாளாக வந்தது. இன்று கடையில் கிடைக்கும் ஒட்டுத்தாள்கள் பெரும்பாலும் வேறு வகைப் பிளாஸ்டிக். ஆனால் வேலை அதேதான். மிக மெல்லியது என்பதால் பிடியின் வளைவுகள் தோலில் அப்படியே பதியும். நீர் மட்டும் பிடியைத் தொடாது. ஒரு ரூபாய் பெறாத தாள் துண்டு என் தாத்தாவின் கத்தியைக் காப்பாற்றியிருக்கும்.

டேப்பின் கதை இன்னும் அருமை. 1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரண்டு நிறம் அடிப்பது மோகம். ஒரு நிறம் அடித்துக் காய்ந்ததும் அதைக் காகிதத்தால் மறைத்து ஒட்டிவிட்டு அடுத்த நிறம் அடிக்க வேண்டும். மறைத்த காகிதத்தை உரிக்கும்போது அடியில் இருந்த பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பெயிண்டர்கள் வாயில் வராத வசவில்லை. 3எம் நிறுவனத்திலிருந்து உப்புத்தாள் மாதிரி கொண்டுபோன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் அந்த வசவுகளைக் காதில் வாங்கினார். 1925-இல் சுருக்கம் விழுந்த காகிதத்தில் மென்மையான பசை தடவிய மாஸ்க்கிங் டேப் பிறந்தது. ஒட்டவும் வேண்டும், மெருகைப் பிய்க்காமல் உரிந்து வரவும் வேண்டும். பசை வரலாற்றில் இது புதுச் சிந்தனை. அதுவரை பசை என்றால் "எவ்வளவு பலமாக ஒட்டும்" என்பதே கேள்வி. ட்ரூ "எவ்வளவு நல்லபடியாகப் பிரியும்" என்று கேட்டார்! 1930-இல் கண்ணாடி போன்ற செல்லோ டேப்பையும் அவர்தான் கொண்டுவந்தார்.

கார் மெருகைக் காக்கப் பிறந்த டேப், கத்திப் பிடிக்கு வந்தது கைடெக்ஸ் புண்ணியத்தில். கைடெக்ஸ் என்பது அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த பிளாஸ்டிக் தகடு. 1965-இல் ரோம் அண்டு ஹாஸ் நிறுவனம் விமானத்தின் உட்புறப் பாகங்களுக்காகக் கொண்டுவந்தது. 1970களில் துப்பாக்கி உறைக்கும் பிறகு கத்தி உறைக்கும் வந்தது. தகடை 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அப்பளம் மாதிரி துவளும். கத்தியின் மேல் போட்டு, நுரைப்பஞ்சு வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தினால் சில நிமிடங்களில் ஆறி, கல் மாதிரி இறுகும். கத்தியை உள்ளே தள்ளினால் "டிக்" என்று பூட்டிக்கொள்ளும்.

தோலின் ஈரமும் டானினும் போயின. பதிலுக்கு இரண்டு புது எதிரிகள் வந்தார்கள். ஒன்று சூடு. அரக்கு மெருகு இளகும். பிடியை ஒட்டிய எப்பாக்ஸி பசைகளில் பல அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே தளரும். பழைய செல்லுலாய்டு பிடி என்றால் தீப்பிடிக்கும் ஆபத்தே உண்டு. இன்னொன்று சிராய்ப்பு. தகடை அறுக்கும்போது விழும் தூள் உள்ளே சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு முறை உருவும்போதும் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான்.

அதனால்தான் கத்தியை முதலில் மாஸ்க்கிங் டேப்பால் மூடுகிறார்கள். டேப் கீறலைத் தடுக்கிறது. கூடவே தன் தடிமன் அளவுக்கு ஒரு நூலிழை இடைவெளியையும் விட்டுப்போகிறது. டேப்பை உரித்த பிறகு உறை கத்தியைத் தேவையில்லாமல் உரசாது. ஓர் அடுக்குக்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் கத்தி உள்ளே கலகலவென்று ஆடும். எண்ணெய் மெருகு முழுதாகக் காய்வதற்கு முன் டேப் ஒட்டினாலோ, 1925-க்கு முந்தைய கார் பெயிண்டரின் கதைதான். மெருகும் சேர்ந்து உரியும். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுவது. அதற்கு நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

காகித டேப் ஈரத்தோலுக்கு ஆகாது, ஊறிப்போகும். பிளாஸ்டிக் தாள் சூட்டுக்கு ஆகாது, உருகி ஒட்டிக்கொள்ளும். தோலுக்குத் தாள், தகட்டுக்கு டேப். என் ஒரு இரவுப் பாடத்தை இப்படி ஒரு வரியில் அடக்கலாம்.

கடைசியில் தாத்தா சொன்னது

இவ்வளவும் படித்துவிட்டுப் பெரிய மேதை போல் தாத்தாவிடம் லெஸ்தா, கைடெக்ஸ் என்று அரை மணி நேரம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "செருப்புத் தைக்கிறவரு உன் காலையா நனைஞ்ச தோலுக்குள்ள வெச்சு ராத்திரி பூரா கட்டிப்போடுறாரு?" என்று கேட்டார். விழித்தேன். "கால் மாதிரி கட்டை வெச்சிருக்காரில்ல? அது மாதிரி முதல்ல கட்டையில ஒரு கத்தி செதுக்கு. ஈரம், சூடு எல்லாம் கட்டை படட்டும்."

அவ்வளவுதான் விஷயம்! துப்பாக்கி உறை செய்பவர்கள் அசல் துப்பாக்கிக்குப் பதிலாக மாதிரித் துப்பாக்கி வைத்து அச்செடுப்பதும் இதே யோசனைதான். மெருகைக் காக்கச் சிறந்த வழி, அசல் பொருளை அந்த வேலைக்குள்ளேயே இழுக்காமல் இருப்பது. நான் உலகத்தைச் சுற்றித் தேடிய விடை தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் இருந்திருக்கிறது.

பிடியைத் தாத்தாவே சரிசெய்தார். அரக்குக்குச் சாராயம் எதிரி என்று சொன்னேன் அல்லவா? அதுவே மருந்தும்கூட. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். பழைய படலம் லேசாக இளகிப் புதியதோடு கலந்தது. வெள்ளை மறைந்து தேன் நிறம் திரும்பியது. அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை முறை தேய்க்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்தி கெட்டிருக்காவிட்டால் இதை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

அலகில் இருந்த கறை மட்டும் முழுதாகப் போகவில்லை. தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "கிடக்கட்டும். உன் கையெழுத்துதானே."

கடுக்காய் மையில் போட்ட கையெழுத்து. சீக்கிரம் அழியாது. இப்போது தேக்குத் துண்டில் ஒரு மரக்கத்தி செதுக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த விடுமுறைக்குள் உறை தயாராகிவிடும். உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய கத்தி, பாக்குவெட்டி ஏதாவது இருந்து, அதற்கு உறை செய்யும் ஆசையும் இருந்தால், முதலில் கட்டையில் கை வையுங்கள்.